வேலை போனால் யார் காசு தருவார்? தொழிலின்மைப் பாதுகாப்பு நாட்டுக்கு நாடு மாறுவது ஏன்

இலங்கையில் ஒருவருக்கு வேலை போய்விட்டால், அடுத்த வேலை கிடைக்கும்வரை மாதாமாதம் ஒரு தொகை அவர் கைக்கு வருமா? வராது. அப்படி ஒரு திட்டம் நம் நாட்டில் இல்லை. ஜேர்மனியில் இருக்கிறது, டென்மார்க்கில் இருக்கிறது, நம்மைப் போலவே தோட்டத் தொழிலாளர் உழைப்பில் எழுந்த மலேசியாவிலும் 2018இலிருந்து இருக்கிறது. மலையகத்தில், அட்டனிலும் பண்டாரவளையிலும் வேலை தேடி அலையும் பிள்ளைகளும், மலையில் தேயிலைக் கொழுந்து குறைந்ததும் வீட்டில் உட்கார வைக்கப்படும் தாய்மாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாத ஒன்றை யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா?

நாடுகளை ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு தருகிறார்கள்?" என்பதைத்தான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: யாருக்குத் தருவதில்லை? மலையகத்திலிருந்து பார்க்கும்போது இந்த இரண்டாவது கேள்விதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

சம்பளச் சீட்டில் இருப்பதும் இல்லாததும்

தோட்டத்துச் சம்பளச் சீட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். எத்தனை பேர் (ஒரு முழு நாள் வேலை ஒரு பேர்), எத்தனை அரைப் பேர், மேலதிகக் கிலோ எவ்வளவு என்று மேலே இருக்கும். கீழே பிடிப்புகள்: ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி), சங்கச் சந்தா, பண்டிகை முற்பணம், தேயிலைத் தூள், கோயில் காசு. கணக்குக்காக 2024 செப்டெம்பரில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தையே வைத்துக்கொள்வோம். ஒரு அம்மா மாதத்தில் 20 பேர் போட்டால் 27,000 ரூபாய். அதில் ஈ.பி.எப். என்று அவரிடம் பிடிப்பது 8 சதவீதம், 2,160 ரூபாய். தோட்டம் போட வேண்டியது 12 சதவீதம், 3,240 ரூபாய். அப்புறம் ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம், 810 ரூபாய். அது முழுக்க முதலாளியின் பங்கு. எல்லாம் சேர்த்தால் மாதம் 6,210 ரூபாய் அவர் பெயரில் போகிறது.

இதில் ஒரு ரூபாய்கூட வேலை போகும் நாளுக்கென்று ஒதுக்கியதில்லை. 1958இன் சட்டத்தில் வந்த ஈ.பி.எப். முதுமைக்கான சேமிப்பு. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். 10 வருடம் அங்கத்தவராக இருந்தால் வீட்டுக்காகவோ வைத்தியத்துக்காகவோ 30 சதவீதம் வரை முன்கூட்டியே கேட்கலாம். வேலை போய்விட்டது என்பது மட்டும் சாதாரணமாக ஒரு காரணமாகாது. ஈ.டி.எப். பணத்தை வேலையை விட்டதும் எடுக்கலாம்தான், ஆனால் 5 வருடத்துக்கு ஒருமுறைதான்.

இன்னொன்று சேவைக்காலப் பணம். 1983இன் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு இது சேர வேண்டும். நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். நம் அம்மா 20 வருடம் உழைத்திருந்தால் 14 தடவை 1,350, அதை 20ஆல் பெருக்க 3,78,000 ரூபாய். நல்ல தொகைதான். ஆனால் ஒரே தடவையில் வருகிறது, பாதி கடனுக்கே போய்விடுகிறது.

ஆக, நம்மிடம் இருப்பது சேமிப்பும் விலகும்போது கிடைக்கும் தொகையும். காப்புறுதி இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருப்பவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மரண உதவிச் சங்கம் எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மாதாமாதம் எல்லா வீடும் கட்டுகிறது, துக்கம் விழுந்த வீட்டுக்குத்தான் பணம் போகிறது. போன மாதம் சேர்ந்த வீடாக இருந்தாலும் அவர்கள் கட்டிய தொகையைவிடப் பல மடங்கு கிடைக்கும். ஈ.பி.எப். அப்படி இல்லை. உங்கள் பெயரில் போட்டது மட்டும்தான் உங்களுக்கு. இளம் வயதில் வேலை இழப்பவரிடம் சேமிப்பும் குறைவு, அதைத் தொடவும் முடியாது. காப்புறுதி இருந்திருந்தால் அவருக்குத்தான் அது அதிகம் உதவியிருக்கும்.

உலகத்தில் எப்படிச் செய்கிறார்கள்

1990இல் டென்மார்க் சமூகவியலாளர் கோஸ்டா எஸ்பிங்-ஆண்டர்சன், பணக்கார நாடுகளின் சமூகநல முறைகளை மூன்று குடும்பங்களாகப் பிரித்துக் காட்டினார். இன்றைக்கும் பாடம் தொடங்குவது அங்கேதான். ஒருவர் தன் உழைப்பைச் சந்தையில் விற்காமலே எவ்வளவு தூரம் மானத்தோடு வாழ முடிகிறது என்பதே அவருடைய அளவுகோல். பிரித்தானியாவும் அமெரிக்காவும் ஒரு குடும்பம்: குறைந்த உதவி, மிக ஏழைக்கு முதலிடம். ஜேர்மனி இரண்டாவது: கட்டியவருக்கு அவர் சம்பளத்துக்கு ஏற்ப. டென்மார்க், சுவீடன் போன்றவை மூன்றாவது: எல்லோருக்கும், தாராளமாக. எந்த நாடும் இந்தக் கூட்டுக்குள் முழுதாக அடங்காது, ஆனாலும் தொடக்கத்துக்கு இந்தப் பிரிப்பு போதும்.

ஜேர்மனியில் 1927இல் தொழிலின்மைக் காப்புறுதிச் சட்டம் வந்தது. இப்போது சம்பளத்தில் 2.6 சதவீதம் இதற்குப் போகிறது, தொழிலாளி பாதி, முதலாளி பாதி. கடைசி 30 மாதத்தில் 12 மாதம் கட்டியிருந்தால், வேலை போனதும் கைச்சம்பளத்தில் 60 சதவீதம், பிள்ளை இருந்தால் 67 சதவீதம் கிடைக்கும். 50 வயதுக்குக் கீழே என்றால் அதிகபட்சம் ஒரு வருடம்; 58 கடந்தவருக்கு இரண்டு வருடம் வரை. நம் அம்மாவின் சீட்டை அங்கே கொண்டுபோய் வைத்தால் மாதக் கட்டணம் அவர் பங்காக 351 ரூபாய். வேலை போன பின், ஈ.பி.எப். கழித்த கைச்சம்பளத்தை வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ 15,000 ரூபாயிலிருந்து 16,600 ரூபாய் வரை வரும். ஆனால் தானாக வேலையை விட்டுப் போனால் 12 வாரம் வரை பணத்தை நிறுத்திவைப்பார்கள். அந்தக் காப்புறுதி முடிந்த பிறகும் வேலை கிடைக்காவிட்டால், சொத்தையும் வருமானத்தையும் பார்த்து அரசு தரும் அடிப்படை உதவிக்குப் போக வேண்டும்.

டென்மார்க்கின் வழி தனி. அங்கே தொழிலின்மை நிதியில் சேர்வது கட்டாயமே இல்லை. தொழிற்சங்கங்களோடு ஒட்டி வளர்ந்த நிதியங்கள் இருக்கின்றன, விரும்பியவர் மாதச் சந்தா கட்டிச் சேர்கிறார், அரசு மேலதிகப் பணம் போடுகிறது. இந்த ஏற்பாட்டுக்கு பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தின் பெயர். 1901இல் அங்கே தொடங்கியது. பழைய சம்பளத்தில் 90 சதவீதம் வரை, இரண்டு வருடம் வரை கிடைக்கும். சந்தா என்றால் என்ன என்று மலையகத்துக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ தலைமுறையாகச் செக்ரோலிலேயே (தோட்டத்தின் பெயர், சம்பளப் பதிவு) பிடிக்கிறார்கள். அந்தச் சந்தாவுக்குள் வேலை இழந்த உறுப்பினருக்கான ஒரு நிதியும் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நம் சங்கங்கள் சம்பளத்துக்காகவும் பிரஜாவுரிமைக்காகவும் போராட வேண்டியிருந்தது, அதை மறக்கக் கூடாது. ஆனாலும் இந்தக் கேள்வியைச் சங்கக் கூட்டத்தில் எழுப்பலாம், தப்பில்லை.

பிரித்தானியாவில் பழைய சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் ஒரே தொகைதான். 2025இல் 25 வயது கடந்தவருக்கு வாரம் சுமார் 92 பவுண், அதுவும் ஆறு மாதம் மட்டும். அமெரிக்காவில் 1935இன் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டப்படி நடத்துகிறது. புளோரிடாவில் வாரத்துக்கு 275 டொலருக்கு மேல் கிடையாது, மாசச்சூசெட்சில் உச்சம் 1,000 டொலரைத் தாண்டுகிறது. ஒரே நாட்டுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம்.

இனி நமக்குக் கிட்டத்து நாடுகள். மலேசியாவில் 2017இல் சட்டம் போட்டு, 2018 ஜனவரியிலிருந்து தொழிலாளியிடம் 0.2 சதவீதம், முதலாளியிடம் 0.2 சதவீதம் வாங்கத் தொடங்கினார்கள். வேலை போனால் முதல் மாதம் சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டாம் மாதம் 50, அடுத்த இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30. நம் அம்மாவின் 27,000 ரூபாய்க்கு மாதம் 54 ரூபாய் கட்டணம், தோட்டமும் 54 ரூபாய். முழு ஆறு மாதத்துக்கும் தகுதி இருந்தால் கிடைப்பது 72,900 ரூபாய். நம் நாட்டுக்கு 0.2 சதவீதம் போதாமல் போகலாம், அந்தக் கணக்கை நிபுணர்கள்தான் போட வேண்டும். ஆனால் இப்படி ஒன்றை ஓர் ஆசிய நாடும் சிறு தொகையில் தொடங்கியிருக்கிறது.

இந்தியா வேறு வழியில் போனது. 2005இல் இயற்றிய சட்டத்தால் வந்த நூறு நாள் வேலை, தமிழ்நாட்டில் உறவினர் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காசு கொடுப்பதற்குப் பதில் வேலை கொடுப்பது. கேட்டு 15 நாளில் வேலை தராவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் காற்பங்காவது, அதற்குப் பின் பாதியாவது படியாகத் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எழுதினார்கள்.

வளைகுடாவுக்குப் போனவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2023இலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் கட்டாயக் காப்புறுதி இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹமோ அதற்குக் குறைவோ என்றால் மாதம் 5 திர்ஹம் கட்ட வேண்டும். 12 மாதம் தொடர்ந்து கட்டியவருக்கு வேலை போனால் அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், மூன்று மாதம் வரை. ஹோட்டலிலும் கடையிலும் வேலை செய்யும் நம் பையன்களுக்கு இது உண்டு. வீட்டுப் பணிப்பெண்களுக்கு இல்லை. நம் தோட்டங்களிலிருந்து போகும் பெண்களில் எத்தனையோ பேர் செய்வது அந்த வேலையைத்தான்.

சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள்

இந்த ஒப்பீடுகளில் அடிக்கடி வரும் எண், பழைய சம்பளத்தில் எத்தனை சதவீதம் கிடைக்கிறது என்பது. டென்மார்க் 90, ஜேர்மனி 60 என்று பட்டியல் போட்டு டென்மார்க்தான் முதலிடம் என்று முடித்துவிடுவார்கள். அவசரப்படக் கூடாது. டென்மார்க்கில் தொகைக்கு உச்ச வரம்பு இருக்கிறது. குறைந்த சம்பளக்காரருக்கு உண்மையிலேயே 90 சதவீதத்துக்குக் கிட்ட வரும், பெரிய சம்பளக்காரருக்கு அதில் பாதிகூட வராமல் போகலாம். சதவீதத்தோடு வரம்பு என்ன, எத்தனை மாதம், எத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். கடைசியாக, வாசலுக்கு வெளியே நிற்பவர் யார் என்று கேட்க வேண்டும். மலேசியாவில் திட்டம் தொடங்கியபோது சுயதொழில் செய்பவரையும் வீட்டு வேலைக்காரரையும் வெளிநாட்டுத் தொழிலாளரையும் சேர்க்கவில்லை. நாட்டின் கடினமான வேலைகளைச் செய்பவர்கள்தான் விடுபட்டார்கள்.

இது புதிய கதை இல்லை. பிரித்தானியாவில் 1911இன் சட்டம் முதல்முறையாகத் தொழிலின்மைக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. கட்டடம், கப்பல் கட்டுதல், இயந்திரத் தொழில் போன்ற சில துறைகளுக்கு மட்டும். வாரம் 7 ஷில்லிங், வருடத்தில் 15 வாரம் வரை. அதே பிரித்தானிய ஆட்சியின் கீழ் நம் பாட்டன் பூட்டன்மார் கொழுந்தும் றப்பரும் எடுத்தார்கள். 1930களின் மந்தத்தில் விலை விழுந்தபோது இங்கே கூலியைக் குறைத்தார்கள், ஆயிரக்கணக்கானோரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். இலண்டனில் வேலை இழந்தவருக்கு வாராந்தக் காசு, ஊவாத் தோட்டத்தில் வேலை இழந்தவருக்குக் கப்பல். எந்தத் திட்டத்தைப் படித்தாலும் விடுபட்டவரைத் தேடும் பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்ததுதான்.

சட்டம் வேலையைக் காக்கிறது, யாருடைய வேலையை?

நம் நாட்டில் காப்புறுதி இல்லாவிட்டாலும் வேறொரு பாதுகாப்பு இருக்கிறது, அதுவும் வலுவானது. 1971இன் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த வேண்டுமானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ தேவை. அனுமதி கொடுத்தாலும் நட்டஈடு உண்டு. முதல் 5 வருடச் சேவைக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், அதற்குப் பின் படிப்படியாகக் குறையும்.

டென்மார்க் இதற்கு நேர் எதிர். அங்கே ஆளை நிறுத்துவது முதலாளிக்குச் சுலபம், ஆனால் நிறுத்தப்பட்டவருக்குப் பணமும் பயிற்சியும் கிடைக்கிறது. முதலாளிமார் தரப்பு நம் சட்டம் இறுக்கமானது, அதைத் தளர்த்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. தளர்த்துவதைப் பற்றிப் பேசுபவர்கள் டென்மார்க்கின் மறுபாதியையும் சேர்த்துப் பேச வேண்டும். காப்புறுதியை முதலில் வைத்துவிட்டு அப்புறம் சட்டத்தைத் தொடட்டும் என்பதுதான் என் கருத்து.

ஆனால் அந்தச் சட்டமும் எல்லோரையும் காப்பதில்லை. கொழும்புக் கடையில் நியமனக் கடிதம் இல்லாமல் நிற்கும் மஸ்கெலியாப் பையனால் தான் அங்கே வேலை செய்ததையே நிரூபிக்க முடிவதில்லை. சுற்றுலா ஊரான எல்லவில் விருந்தினர் விடுதியில் துப்புரவு செய்யும் பெண், மரக்கறித் தோட்டத்தில் கைக்காசுக்குப் போகும் அப்பா, இவர்களும் வெளியேதான். அதைவிடக் கவலையானது அவுட்குரோவர் முறை. ஒரு குடும்பத்துக்குக் கொஞ்சம் தேயிலைச் செடியைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்குகிறார்கள். சிலருக்கு இதில் வருமானம் கூடியிருக்கலாம். ஆனால் செக்ரோலில் பெயர் இல்லாவிட்டால் அவர் தொழிலாளியில்லை, உற்பத்தியாளர். ஈ.பி.எப்., சேவைக்காலப் பணம், 1971இன் சட்டம் எல்லாம் ஒரே கையெழுத்தில் கேள்விக்குள்ளாகிறது.

2023இல் வந்த அஸ்வெசும என்ற அரசின் நலன்புரி உதவி வேறு வகை. வீடு, சொத்து, வருமானம், மின் பாவனை எல்லாவற்றையும் பார்த்து வறிய குடும்பம் என்று தெரிவு செய்து தருவது. இந்த மாதம் வேலை போனது என்பதற்காக அடுத்த மாதம் அதில் சேர முடியாது.

வேலை போகாமலே வேலை போவது

மலையகத்தில் பெரும்பாலும் யாரும் பணிநீக்கக் கடிதம் கொடுப்பதில்லை. நாளைக் குறைக்கிறார்கள். நுவரெலியாப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயிலும் பனியும் சேர்ந்து செடியைக் காய வைக்கும்போது, வாரத்தில் மூன்று நாள், சில இடங்களில் இரண்டு நாள்தான் வேலை. மலைக்குப் போனாலும் கேட்ட கிலோ வராது, அரைப் பேர்தான் விழும். 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்த பிறகு விளைச்சல் விழுந்தபோதும் இதே நிலைதான்.

இப்போது புள்ளிவிபரத்துக்கு வாருங்கள். சர்வதேசத் தொழில் அமைப்பின் வரையறைப்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணித்தியாலம் கூலிக்கு வேலை செய்திருந்தாலே ஒருவர் தொழில் உள்ளவர். அப்படியானால் வாரத்தில் இரண்டு பேர் போட்ட அம்மா தொழில் உள்ளவர். முழுதாக வேலை போனவருக்கென்று வைத்த தொழிலின்மைப் பணம் அவருக்குப் போகாது. அவர் வேலை இழக்கவில்லை, வருமானத்தின் பாதியை மட்டும் இழந்திருக்கிறார்.

இதற்கு ஒரு மருந்தை ஜேர்மனி வைத்திருக்கிறது. அங்கே குறுகியநேர வேலைப்படி என்று ஒன்று இருக்கிறது. நிறுவனத்தில் வேலை குறைந்தால் ஆட்களை நிறுத்தாமல் நேரத்தைக் குறைக்கிறார்கள். இழந்த கைச்சம்பளத்தில் 60 சதவீதத்தை, பிள்ளை இருந்தால் 67 சதவீதத்தை, அதே காப்புறுதி நிதி ஈடுசெய்கிறது. 2020 ஏப்ரலில், கொரோனாக் காலத்தில், ஏறத்தாழ 60 இலட்சம் பேர் இதில் இருந்தார்கள். இதன் ஒரு கிளைதான் எனக்கு மிகவும் பிடித்தது: கட்டடத் தொழிலாளருக்கான பருவகாலப் படி. பனிக்காலத்தில் சுவர் கட்ட முடியாது என்பதால் டிசெம்பரிலிருந்து மார்ச் வரை அவர்களை வேலையில் வைத்துக்கொண்டே இழந்த நேரத்துக்குப் படி கொடுக்கிறார்கள். காலநிலையால் வேலை குறைவது தொழிலாளியின் குற்றமில்லை என்று ஒரு நாடு சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது.

நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். வழக்கமாக 24 பேர் போடும் ஒருவருக்கு பெப்ரவரியில் 12 பேர்தான் கிடைத்தது என்றால் இழப்பு 16,200 ரூபாய். ஈ.பி.எப். கழித்தால் கைச்சம்பளத்தில் இழப்பு 14,904 ரூபாய், அதில் 60 சதவீதம் ஏறத்தாழ 8,900 ரூபாய். அந்த மாதம் பிள்ளையின் வகுப்புக் காசும் கடைக் கணக்கும் அதில் அடங்கும். மலையகத்துக்கு ஏதாவது ஒன்றைக் கேட்க வேண்டுமானால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். இலங்கையில் தொழிலின்மைக் காப்புறுதி பற்றிப் பேச்சு பலமுறை எழுந்திருக்கிறது. ஆனால் முழுதாக வேலை போனவருக்கு மட்டும் என்று அது வந்தால், தோட்டத்தில் கட்டணம் கட்டுபவர் நிறைய இருப்பார்கள், வாங்குபவர் இருக்க மாட்டார்கள்.

1952இல் சர்வதேசத் தொழில் அமைப்பு சமூகப் பாதுகாப்புக்கான குறைந்தபட்ச அளவுகளை வகுத்தபோது, தொழிலின்மைக்கு பழைய சம்பளத்தில் 45 சதவீதம், 12 மாதத்தில் 13 வாரமாவது என்று வைத்தது. நாம் இன்னும் அந்தத் தொடக்கப் புள்ளிக்கே வரவில்லை.

அதுவரை கையில் இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் ஒரு பெயர், ஈ.பி.எப். பதிவில் இன்னொரு பெயர் என்று இருப்பது தோட்டங்களில் சாதாரணம். பணம் எடுக்கும் நாளில் அது பெரிய தலைவலி. இப்போதே தொழில் திணைக்களத்தில் திருத்திக்கொள்ளலாம். சம்பளச் சீட்டுகளை எறிய வேண்டாம், நாளைக்கு எந்தத் திட்டம் வந்தாலும் எத்தனை மாதம் வேலை செய்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். இப்போது யாராவது காரணமில்லாமல் நிறுத்தப்பட்டிருந்தால், 1971இன் சட்டத்தின் கீழ் முறையிட நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதம்தான் இருக்கிறது. சங்கத் தலைவர் பேசிப் பார்க்கிறேன் என்றார், தோட்டத்தை நடத்தும் துரை யோசிக்கிறேன் என்றார் என்று காத்திருப்பதற்குள் அந்த ஆறு மாதம் ஓடிவிடும். முறைப்பாட்டை முதலில் எழுத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள், பேச்சுவார்த்தை அதன்பாட்டில் நடக்கட்டும்.